முருகனோட அப்பா திட்டினாரா?

ஓம் சரவணபவ 🙏

கல்யாணம் ஆகாதவங்களும் இதைப் படிங்க. நீங்க யாரோ ஒரு குழந்தைக்கு அண்ணன், அக்கா, சித்தி, மாமா. ஒருநாள் அந்தக் குழந்தை உங்க முன்னால வந்து நிற்கும்.

எங்க அக்கா வீடு களம்பூர்ல இருக்கு. வீட்டுக்குள்ளேயே பட்டுத்தறி. அக்கா மகன் ஆறாம் வகுப்பு. ஒருநாள் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்தவனுக்குக் காதுக்குப் பின்னால் வீங்கியிருந்தது. சட்டையில் இரண்டு பொத்தானைக் காணோம். "கீழே விழுந்துட்டேன்" என்றான். அக்கா துருவித் துருவிக் கேட்ட பிறகு, பெரிய பசங்க அடிச்சாங்கன்னு அரைகுறையாச் சொன்னான்.

அது முகூர்த்த மாசம். சேலையை முடிச்சுக் கொடுத்தால்தான் கூலி. அவங்க அப்பா தறியை நிறுத்தாமலேயே கேட்டார்: "நீ சும்மா இருந்தா அவன் ஏன்டா அடிக்கப் போறான்?"

நான் மட்டும் என்ன ஒழுங்கு? பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டு, "ஒண்ணு வாங்கினா ரெண்டாத் திருப்பிக் குடுக்க வேண்டியதுதானே" என்றேன்.

பையன் வாயை மூடிக்கொண்டான். நாலு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

அந்த வாரம் விடுமுறை நாளில் கிருத்திகை வந்தது. அவனைக் கூட்டிக்கிட்டுத் திருவண்ணாமலைக்குக் கிளம்பினேன். எங்க ஊர் ஸ்டேஷன்ல பலகை 'ஆரணி ரோடு'ன்னுதான் இருக்கும். ரயில் போளூர் தாண்டுறப்போ, ஜன்னலைப் பார்த்துக்கிட்டே அவன் கேட்டான்:

"மாமா, முருகன் கோவிச்சுக்கிட்டுப் பழநிக்குப் போனாரே, அப்போ அவங்க அப்பா திட்டினாரா?"

எனக்குத் தொண்டை அடைச்சுக்கிட்டுது. எத்தனை வருஷமா இந்தக் கதையைச் சொல்லிக்கிட்டு இருக்கோம்! ஞானப்பழம், மயில், உலகம் சுற்றினது எல்லாம் சொல்வோம். இந்தக் கேள்வியை நான் கேட்டதே இல்லை.

திட்டலைடா கண்ணா. அப்பாவும் அம்மாவும் அவன் இருந்த இடத்துக்கே தேடி வந்தாங்க.

யோசிச்சுப் பாருங்க. கயிலாயத்துல உட்கார்ந்தபடியே "வாடா வீட்டுக்கு"ன்னு ஆள் அனுப்பியிருக்கலாம். "ஒரு பழத்துக்கா இவ்வளவு?"ன்னு கேட்டிருக்கலாம். கேட்கலை. உலகத்தையே ஆளுறவர், புண்பட்ட பிள்ளை நிற்கிற இடத்துக்கு வந்தார். "பழம் நீ" என்றார். அதனால்தான் அந்த ஊர் பழநி ஆனதுன்னு பெரியவங்க சொல்வாங்க. சுவாமிமலையிலும் அதே அப்பாதான். பிள்ளை பேசுறான்னு தெரிஞ்சதும் கையைக் கட்டி, வாயைப் பொத்தி, காதைக் கொடுத்தார்.

ஆனா அடிபட்ட குழந்தைக்குக் காது கொடுத்தால் மட்டும் போதுமா? அடிச்சவங்களை என்ன செய்யறது? இதற்குக் கந்தபுராணத்திலேயே பதில் இருக்கு. நமக்குப் பக்கத்துக் காஞ்சிபுரத்துல, குமரகோட்டத்துக் கச்சியப்ப சிவாச்சாரியார் பாடினது.

இந்திரனோட மகன் சயந்தன். சூரபத்மன் அவனை மகேந்திரபுரிச் சிறையில் அடைச்சுட்டான். கேட்க அப்பா பக்கத்துல இல்லை. அந்தப் பிள்ளை சிறையில் அழுது புலம்புறதுக்கே ஒரு தனிப் படலம் வைத்திருக்கார் கச்சியப்பர்.

முருகன் வீரபாகுவைத் தூது அனுப்புறார். வீரபாகு சூரனோட அவைக்குப் போகப்போறார். அதுக்கு முன்னாடி என்ன நடக்குது தெரியுமா? முருகன் சயந்தனோட கனவில் வந்து ஆறுதல் சொல்றார். அப்புறம் வீரபாகுவும் சிறைக்குப் போய் அவனைத் தேற்றுறார். அதுக்குப் பிறகுதான் சூரனோட அவைக்குள்ளே கால் வைக்கிறார்.

இந்த வரிசையைக் கவனிங்க. முதல்ல பிள்ளைக்கு ஆறுதல். இரண்டாவது தூது. சூரன் கேட்கலைன்னு ஆன பிறகுதான் வேல். கடைசியிலும் சூரனை மயிலாகவும் சேவலாகவும் ஆக்கித் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார்.

நாம என்ன செய்யறோம்? சிலர் முதல் நாளே வேலைத் தூக்கிக்கிட்டுப் பள்ளிக்கூடத்து வாசல்ல நின்று கத்துறோம். சிலர் "பசங்கன்னா அப்படித்தான்"னு தூதே போறதில்லை. ரெண்டு பேருமே அந்தச் சிறைக்குள்ள போறதை மறந்துடறோம். குழந்தை உள்ளே தனியா உட்கார்ந்திருக்கு.

தனியா விட்டா என்ன ஆகும்? 2023 ஆகஸ்ட் மாதம் நாங்குநேரியில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பிளஸ் டூ படித்த ஒரு மாணவனைக் கூடப் படித்த மாணவர்களே சாதியைச் சொல்லித் துன்புறுத்தினார்கள். அவன் பள்ளிக்கூடம் போறதையே நிறுத்திட்டான். காரணம் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. புகார் பள்ளிக்குப் போனது. அதன் பிறகு ராத்திரியில் வீட்டுக்கே வந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப்போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது.

அந்தப் பிள்ளை பிழைத்தான். 2024-ல் பிளஸ் டூ தேர்வில் 600-க்கு 469 எடுத்தான். பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவை நியமித்தது. 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார்.

இதிலிருந்து நான் எடுத்துக்கிட்டது இரண்டு. ஒண்ணு, குழந்தை "பள்ளிக்கூடம் போகமாட்டேன்"னு சொன்னா அதைச் சோம்பேறித்தனம்னு உடனே முடிவு கட்டக்கூடாது. அதுவும் ஒரு புலம்பல்தான். இன்னொண்ணு, குழந்தை வாய் திறந்து சொன்ன பிறகுதான் நம்ம காவல் இன்னும் கூடணும். சொன்னதால அவனுக்கு ஆபத்து வரும்னா, அந்த ஆபத்துக்கு முன்னால பெரியவங்க நாம நிற்கணும். தினமும் கந்த சஷ்டி கவசம் சொல்றோமே, கவசம்னா என்ன? அடி உடம்பில் படுமுன் தான் வாங்கிக்கொள்வது. முருகன் நமக்குக் கவசம். நாம நம்ம குழந்தைக்கு.

இன்னொன்றும் சொல்லணும். குறவர் குலத்து வள்ளியைத் தேடி வள்ளிமலைக்குப் போனவனைக் கும்பிட்டுக்கிட்டு, கையில் சாதிக் கயிறு கட்டி இன்னொரு பிள்ளையை மிரட்டுறவன் யாரைக் கும்பிடுறான்னு எனக்குத் தெரியலை.

சரி, அடிச்சது நம்ம பிள்ளையா இருந்தா? அதுக்கும் கதை இருக்கு. பிரணவத்துக்குப் பொருள் தெரியாத பிரம்மாவைக் குட்டிச் சிறையில் போட்டான் முருகன். சிவபெருமான் முதல்ல நந்தியை அனுப்பினார். பிள்ளை கேட்கலை. பிறகு தானே நேரில் போய், "விட்டுவிடு" என்றார். விடுதலை செய்ய வைத்தார். "என் பிள்ளை அப்படிச் செய்யமாட்டான்"னு சிவன் சொல்லலை. சாமியோட அப்பாவே தன் பிள்ளையை அடக்கப் போனார்னா, நமக்கு என்ன கௌரவக் குறைச்சல்?

திருவண்ணாமலையில் கம்பத்து இளையனாரைக் கும்பிட்டோம். வல்லாள கோபுரத்துக்குப் பக்கத்துல கோபுரத்து இளையனார் சன்னதிக்கு வந்தப்போ அவனுக்குச் சொன்னேன்: "அருணகிரிநாதர் வாழ்க்கையே வெறுத்துப்போய் இந்தக் கோபுரத்துமேல இருந்து குதிச்சார். முருகன் கையில் தாங்கிக்கிட்டார். ஏன் குதிச்சே, என்ன தப்பு பண்ணினேன்னு கேட்டுட்டா தாங்கினார்? முதல்ல தாங்கினார்."

அவன் கொஞ்ச நேரம் பேசாம இருந்தான். அப்புறம், "மாமா, அவங்க மூணு பேரு" என்று ஆரம்பித்தான். அந்தப் பிராகாரத்துல உட்கார்ந்தே முழுசும் சொன்னான். நான் நடுவுல ஒரு வார்த்தை பேசலை.

வீட்டுக்கு வந்து ரயிலில் அவன் கேட்ட கேள்வியை அவங்க அப்பாகிட்ட அப்படியே சொன்னேன். அவர் தறியை நிறுத்தினார். ரொம்ப நேரம் பாவையே பார்த்துக்கிட்டிருந்தார். "இழை ஒண்ணு அறுந்தாக்கூட நிறுத்தி முடிச்சுப் போட்டுட்டுத்தான் நெய்வேன். அவன் அன்னைக்கு வந்து நின்னப்போ நான் நிறுத்தலையே" என்றார். அப்புறம் எழுந்து போய்ப் பையன் பக்கத்துல தரையில் உட்கார்ந்தார்.

மறுநாள் காதைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அதன்பின் அப்பாவும் அம்மாவும் மட்டும் பள்ளிக்குப் போய், நடந்ததைத் தேதியோடு எழுதிக் கொடுத்துப் பேசினார்கள். போகுமுன் பையனிடம், "இதைத்தான் சொல்லப்போறேன், சரியா?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார். எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. ஆனா இப்போ அவன் தினமும் சாயங்காலம் தறிக்குப் பக்கத்துல உட்கார்ந்து அன்னைக்கு நடந்ததைச் சொல்றான்.

அடியார்களே, தூது போறதுக்கு நமக்கு வழி இருக்கு. பிள்ளையை உடலால் தண்டிப்பதையும் மனதால் துன்புறுத்துவதையும் 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-வது பிரிவில் தடை செய்கிறது. ஆசிரியர் அடித்தாலும் "படிப்புக்குத்தானே"ன்னு விடவேண்டியதில்லை. குழந்தைகள் உதவி எண் 1098, எந்த நேரமும் கூப்பிடலாம். பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417. யாராவது தகாத முறையில் தொட்டதாகக் குழந்தை சொன்னால் அங்கே சமாதானப் பேச்சே கிடையாது. அது போக்சோ சட்டம், நேராகக் காவல்துறைதான். அதுவும் வேல்தான், முருகன் கொடுத்ததுன்னு நினைச்சுக்கோங்க.

ஆனா வரிசை மறக்காதீங்க. முதல்ல சயந்தன். அப்புறம்தான் சூரனோட அவை.

இன்னைக்கு ராத்திரி விளக்கேற்றிக் கும்பிட்ட பிறகு, போனைக் கீழே வைத்துவிட்டு உங்க வீட்டுக் குழந்தை பக்கத்துல பத்து நிமிஷம் உட்காருங்க. "இன்னைக்கு என்ன ஆச்சு?"ன்னு கேளுங்க. பதில் வரலைன்னாலும் உட்கார்ந்திருங்க. நாளைக்கும் உட்காருங்க.

இதைத் தேவைப்படுற ஒரு அப்பாவுக்கோ அம்மாவுக்கோ அனுப்புங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா! 🙏