விண்ணப்பத்திற் பொய்யுரைத்தல்

ஒருவன் முன்செய்த குற்றம் பெரிதோ, அதனை இன்று மறைத்தல் பெரிதோ என்னும் வினா யாவரும் ஆராயத்தக்கது. அமெரிக்க ஐக்கிய நாட்டு அரசாங்கத்தின் நடைமுறையொன்று இதற்கு நல்ல விளக்கமாயிருத்தலின், அதனை ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம்.

அந்நாட்டில் அரசாங்க இரகசியங்களைக் கையாளும் உத்தியோகத்தை விரும்புவோர் பாதுகாப்பு அனுமதி பெறல் வேண்டும். அதன்பொருட்டு, 86ஆம் எண் படிவமென நெடுங்காலம் வழங்கிய நீண்ட வினாப்பத்திரத்திலே தாம் வசித்த இடங்கள், பார்த்த தொழில்கள், கடன்கள், குற்ற வழக்குகள், போதைப்பொருட் பழக்கம், பிறநாட்டார் தொடர்பு முதலியவற்றை எழுதிக் கையொப்பமிடுவர். 2017ஆம் ஆண்டு யூன் மாதம் 8ஆந் திகதி நடைமுறைக்கு வந்த விதிகள், அவர்தம் தகுதியை அளத்தற்கு 13 நெறிகளை வகுத்தன. ஐந்தாவது நெறி, ஒழுக்கத்தைப் பற்றியது. அறிந்துவைத்தும் உண்மையை மறைத்தலும் திரித்தலும் அனுமதியை மறுத்தற்கு ஏதுவாமென்று அது கூறும். மறதியால் விடுபட்டது இதன்பாற்படாது.

பழைய கடனும் இளமைப்பிழையும், காலங்கழிந்தமையாலும் அவன் திருந்தினமையாலும் பொறுக்கப்படுதலுண்டு. மறைத்தலோ அங்ஙனம் எளிதிற் பொறுக்கப்படுவதன்று. என்னை? பழங்குற்றம் அவன் அன்றிருந்த நிலையைக் காட்டும். பொய்யோ இன்றிருக்கும் நிலையைக் காட்டும். அன்றியும், அரசாங்கத்துக்கு அறிந்து பொய்யுரைப்போர்க்கு 5 ஆண்டு வரையுஞ் சிறைத்தண்டம் விதிக்க அந்நாட்டுச் சட்டம் இடந்தருகின்றது.

உண்மை எழுதினவன் உத்தியோகத்தை இழக்க, பொய்யெழுதி அகப்படாதவன் அதனைப் பெறுவானாயின், வாய்மையால் வந்த பயன் யாதென்று சிலர் வினவுவர். உண்மை எழுதினோர் யாவரும் அனுமதி பெறுவரென்று நாம் கூறோம்; இழப்பாரும் உளர். ஆயினும், அகப்படாதவன் நிலையை நோக்குக. அவன் மறைத்ததை அறிந்த ஒருவன் எங்கேனும் இருப்பானாயின், 'வெளிப்படுத்துவேன்' என்னும் ஒரு சொல்லே அவனை அடிமைப்படுத்தப் போதும். இரகசியங் காக்கப் புகுந்தவன் தன் இரகசியத்தைக் காத்தற்பொருட்டு நாட்டின் இரகசியத்தை விற்கவுங்கூடும். மறைத்தல் இவ்வாறு பிறர்க்கு இடங்கொடுக்குமென்பதை அவ்விதிகளும் எடுத்துரைக்கின்றன.

பொய்யெழுதினவனுக்கும் ஒரு வழி உண்டு. பிறர் சான்றுகாட்டி வினவுமுன், காலந்தாழ்க்காது நன்னோக்கத்தோடு தானே திருத்துவானாயின், அஃது அவனுக்கு அனுகூலமாகக் கொள்ளப்படும். அகப்பட்டபின் ஒப்புக்கொள்ளுதலுக்கு அத்துணை மதிப்பில்லை; அது வாய்மையால் வந்ததோ, வேறு வழியின்மையால் வந்ததோ என்று துணிதல் அரிதன்றோ?

உபாத்தியாயர்களாகிய நாம் இதிற் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. யன்னற் கண்ணாடியை உடைத்த பிள்ளை தானே வந்து சொல்லும்போதும், மறைத்துப் பிடிபட்ட பிள்ளைக்குரிய தண்டனையையே கொடுப்போமாயின், மறைத்தலே இலாபமென்று நாமே கற்பித்தவராவோம். இத்தவற்றை நாமுஞ் செய்ததுண்டு. அப்பிள்ளை வளர்ந்து ஒரு விண்ணப்பத்திற் கையொப்பமிடும்போது, நாம் அன்று கற்பித்ததே அதன் முன் வந்து நிற்கும். ஆதலின், தானே உண்மை சொன்ன பிள்ளையை வேறாக வைத்து நடத்தல் நம் கடனென்க.