என் உடல், பொது மருந்து

"அண்ணே, காய்ச்சலும் தொண்டை வலியும். ஒரு செட் மாத்திரை குடுங்க." விடுதிகளை ஒட்டிய மருந்துக் கடைகளில் தேர்வுக் காலத்தில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. பாரசிட்டமால் இரண்டு, சளி மாத்திரை இரண்டு, கூடவே அசித்ரோமைசின் என்னும் ஆண்டிபயாடிக் அட்டையில் கத்தரித்த இரண்டு என்று ஒரு காகித உறை கைக்கு வரும். அட்டையில் நீளவாக்கில் ஓடும் சிவப்புக் கோட்டுக்கு, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று பொருள். இதைச் சட்ட மீறல் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் மாணவர் திருப்பிக் கேட்டால்? "உடம்பு என்னுடையது, நோய் என்னுடையது, காசும் என்னுடையது. யாருக்கு என்ன நஷ்டம்?" இது அறம் சார்ந்த கேள்வி. சட்டப் பிரிவைக் காட்டி இதன் வாயை அடைக்க முடியாது.

மாணவர் தரப்பில் பேசக் கனமான சாட்சி ஒருவர் இருக்கிறார். ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் வெளியிட்ட 'சுதந்திரம்' பற்றிய நூலில், பிறருக்குத் தீங்கு நேராதவரை ஒருவருடைய உடலும் மனமும் அவருடைய ஆட்சிக்கே உட்பட்டவை என்று வாதிட்டார். நூலின் கடைசி அத்தியாயத்தில் நஞ்சு விற்பனையைக்கூட எடுத்துக்கொள்கிறார். எப்போதும் மருத்துவர் சான்று கேட்டால் நியாயமான தேவை உள்ளவருக்கும் பொருள் கிடைக்காமல் போகலாம், செலவும் கூடும் என்பதால் அந்த நிபந்தனையை அவர் ஏற்கவில்லை. எச்சரிக்கைச் சீட்டு ஒட்டுவதும், வாங்குபவரின் பெயரையும் அளவையும் காரணத்தையும் பதிவேட்டில் எழுதி வைப்பதும் போதும் என்றார். தலைவலிக்கு ஒரு பாரசிட்டமால் போட்டுக்கொள்ளும் மாணவரை இந்த வாதம் முழுமையாகக் காக்கிறது, காக்கவும் வேண்டும். அளவு மீறினால் கல்லீரல் கெடும் என்று எடுத்துச் சொல்வது நம் கடமை. அதற்கு மேல் கையைப் பிடித்துத் தடுக்க நமக்கு உரிமையில்லை.

ஆண்டிபயாடிக் இந்த வாதத்துக்குள் அடங்காது. பெனிசிலின் என்ற ஆண்டிபயாடிக்கைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945 டிசம்பரில் ஆற்றிய நோபல் உரையில் ஒரு கற்பனைக் குடும்பத்தைக் காட்டினார். கணவருக்குத் தொண்டை வலி. தாமாகவே பெனிசிலின் வாங்கிப் போதாத அளவில் போட்டுக்கொள்கிறார். கிருமி சாகவில்லை, மருந்தைத் தாங்கப் பழகிக்கொள்கிறது. அது மனைவிக்குத் தொற்றி நிமோனியாவாகிறது. இப்போது பெனிசிலின் பலிக்கவில்லை, மனைவி இறந்துபோகிறார். இந்தச் சாவுக்கு யார் பொறுப்பு என்று கேட்டு, கணவரையே ஃபிளெமிங் கைகாட்டினார். இன்று நமக்கு இன்னும் கூடுதலாகத் தெரியும். தொண்டை வலிகளில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை. அவற்றை ஆண்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. ஆனால் குடலில் வாழும் பாக்டீரியாக்களை அது விடுவதில்லை. எளிதில் சாகக்கூடியவை செத்து, தாக்குப்பிடிப்பவை பெருகும். அந்தத் திறனுக்கான மரபணுவை அவை பக்கத்துப் பாக்டீரியாக்களுக்கும் கடத்திவிடும். ஒரே கழிப்பறை, ஒரே மெஸ் என்று வாழும் விடுதியில் அவை ஓர் அறையோடு நிற்கப் போவதில்லை. நான் எத்தனை பாரசிட்டமால் விழுங்கினாலும் உங்கள் காய்ச்சலுக்கு அது வேலை செய்யும். ஆண்டிபயாடிக் அப்படியல்ல. நான் வீணடிப்பது உங்கள் பங்கை. மில்லின் அளவுகோலின்படியே என் சுதந்திரம் இங்கே முடிகிறது.

"நான் போடும் இரண்டு மாத்திரையிலா உலகம் கெட்டுவிடும்?" என்பது அடுத்த கேள்வி. 2019இல் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் நேரடியாக நேர்ந்த மரணங்கள் உலக அளவில் சுமார் 12.7 லட்சம் என்று 2022இல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. அவற்றில் ஒன்றைக்கூட இன்னார் விழுங்கிய மாத்திரையால் வந்தது என்று சுட்ட முடியாது. ஆனால் ஆளைச் சுட்ட முடியாததால் பொறுப்பு இல்லாமல் போய்விடாது. போய்விடும் என்றால் இத்தனை சாவுகளும் யாருமே காரணமில்லாமல் நடந்தவை என்றாகும். செய்தவரையே வினை வந்து சேரும் என்பது நம் மண்ணில் ஊறிய நம்பிக்கை. 'வந்தால் எனக்குத்தானே வரும்' என்று மாத்திரையை விழுங்கும் துணிச்சலுக்கு அடியிலும் அந்த நம்பிக்கை இருக்கிறது. இங்கே வினை செய்பவர் ஒருவர், அனுபவிப்பவர் இன்னொருவர். பலன் தன்னைத் தேடி வராத வினையில்தான் அறத்துக்கு உண்மையான சோதனை.

மருத்துவர்களே தேவையில்லாமல் எழுதித் தள்ளுகிறார்களே என்பார்கள். உண்மைதான், 2012இல் வெளியான 'சென்னைப் பிரகடனம்' வழியாக மருத்துவ அமைப்புகளே இதற்குக் கட்டுப்பாடு கேட்டன. ஒருவர் செய்யும் தவறு இன்னொருவருக்கு உரிமை ஆகாது. மருந்தியல் படிக்கும் மாணவருக்குத் தெரியாததா என்றும் கேட்பார்கள். திருக்குறளின் 'மருந்து' அதிகாரம், நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து கவனிப்பவர் என்று நான்கையும் தனித்தனியே எண்ணி முடிகிறது. மருந்தைப் பற்றிய அறிவு தன் நோயைப் பற்றிய தீர்ப்பு ஆகிவிடாது. நாளை மறுநாள் தேர்வு வைத்திருப்பவர் தன் காய்ச்சலை நடுநிலையோடு எடைபோடுவது கடினம்.

மருத்துவரைப் பார்க்கக் கட்டணமும் நேரமும் ஆகின்றன என்ற புகாரும் உண்டு. இவற்றில் நியாயமானது அதுதான். மாலையில் பூட்டிவிடும் சுகாதார மையத்தையும், காய்ச்சலில் படுத்தவரின் வருகைப் பதிவைக் குறைக்கும் விதியையும் வைத்துக்கொண்டு மாணவரை மட்டும் குற்றம் சொல்வது நேர்மையல்ல. பல்கலைக்கழகங்கள் விடுதி வளாகத்தில் இரவிலும் ஒரு மருத்துவரை இருத்தட்டும், மருத்துவ விடுப்பை எளிதாக்கட்டும். மாணவர்களிடம் கேட்பது ஒன்றே: தலைவலிக்கும் சாதாரணக் காய்ச்சலுக்கும் உங்கள் விருப்பம் போல், அளவறிந்து மருந்து எடுங்கள், சிவப்புக் கோடு போட்ட அட்டையை மருத்துவரைப் பார்க்காமல் கேட்காதீர்கள், கடைக்காரர் தானாக நீட்டினாலும் வாங்காதீர்கள்.