அச்சத்தின் ஐந்தாம் காரணம்

பள்ளி வேன் இன்று வேறு தெருவில் திரும்புகிறது. வழக்கமான தெருவில் பள்ளம் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். ஜன்னலோரம் இருக்கும் சிறுவனுக்கு ஆட்டிசம். அவன் சிரிக்கத் தொடங்குகிறான். சிரிப்பு நிற்கவில்லை, கைகள் படபடவென்று அடித்துக்கொள்கின்றன. "தம்பிக்கு இன்னிக்கு ஒரே குஷி" என்கிறார் டிரைவர். சட்டை தொப்பலாக நனைந்திருப்பது, வீட்டில் அதைக் கழற்றும் அம்மாவுக்குத்தான் தெரிகிறது.

மனத்தில் எழுவது உடலில் தெரிவதை மெய்ப்பாடு என்றது தொல்காப்பியம். எட்டு மெய்ப்பாடுகளில் நகையும் ஒன்று, அச்சமும் ஒன்று. இந்தச் சிறுவனிடம் அச்சம் நகையின் வேடத்தில் வருகிறது. இன்னொரு குழந்தை காதைப் பொத்திக்கொள்ளும். மற்றொன்று வாயடைத்துப் போகும். பார்த்துச் சொல்ல முடியாததை அளப்பது எப்படி?

கேட்டுப் பார்க்கலாம் என்றது உளவியல். குழந்தைகளின் பதற்றத்தை அறியப் பரவலாகப் புழங்கும் 'ஸ்கேர்ட்' வினாத்தாளில் 41 வரிகள். குழந்தைக்கு ஒரு தாள், பெற்றோருக்கு ஒரு தாள். குழந்தை பதில் சொல்ல வேண்டுமென்றால், வயிற்றைப் பிசைவதுதான் பயம் என்று அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். தன் உணர்வுக்குப் பெயர் வைப்பது ஆட்டிசம் உள்ள பலருக்குக் கடினம். பெற்றோரோ வெளியிலிருந்து பார்ப்பவர்கள். பிறந்தநாள் விழாவுக்குப் பிள்ளை வர மறுப்பது கூட்டத்துக்கு அஞ்சியா, பலூன் வெடிக்குமென்றா, விருப்பமே இல்லாமலா? தாளில் மூன்றுக்கும் ஒரே டிக்.

ஆட்டிசம் உள்ள சிறுவர்கள், பதின்பருவத்தினர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பற்றிய 31 ஆய்வுகளை 2011-இல் சேர்த்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு ஏறக்குறைய நாற்பது பேருக்கு ஏதேனும் ஒரு பதற்றக் கோளாறு இருந்தது. அன்று கையில் இருந்த அளவுகோல்கள் பெரும்பாலும் மற்றக் குழந்தைகளின் பயத்தை வைத்துச் செய்தவை. அவற்றில் அகப்படாத பயம் எவ்வளவோ?

அச்சம் பிறக்கும் இடம் நான்கு என்கிறது தொல்காப்பியம்: அணங்கு, விலங்கு, கள்வர், தம்மை ஆள்வோர். நான்கும் ஊரே ஒப்புக்கொள்ளும் அச்சங்கள். புலியைக் கண்டு நடுங்குபவனிடம் யாரும் காரணம் கேட்பதில்லை. வேன் திசை மாறியதற்கு நடுங்குபவனிடம்தான் கேட்கிறோம்: "இதுக்கெல்லாமா பயப்படுவாங்க?"

1943-இல் மனநல மருத்துவர் லியோ கேனர், ஆட்டிசம் உள்ள 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே மாற்றம் என்ற இந்த ஐந்தாம் காரணம் இருந்தது. எல்லாம் நேற்றுப்போலவே இருக்க வேண்டும் என்ற அவர்களின் பிடிவாதத்துக்குள் பதற்றத்தை அவர் கண்டிருந்தார். 2016-இல் இங்கிலாந்தின் நியூகாசில் ஆய்வாளர்கள், ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கென்றே 24 வரிகளில் ஒரு பதற்ற அளவுகோலை வெளியிட்டார்கள். அடுத்து என்ன நடக்குமென்று தெரியாத தவிப்புக்கு அதில் தனிப் பகுதியே உண்டு. கண்ணில் பட்டது கோலில் ஏற 73 ஆண்டுகள்.

அன்றிரவு அம்மா ஒரு தாளில் புதுப் பாதையை வரைகிறாள். "நாளைக்கும் வேன் இந்தத் தெருவுலதான் போகும்டா கண்ணா. இங்க கோயில், இங்க டீக்கடை, அப்புறம் ஸ்கூல்." விரலால் மூன்று முறை ஓட்டிக் காட்டுகிறாள்.

மறுநாள் அவன் சிரிக்கவில்லை. டீக்கடை வந்ததும் கண்ணாடியில் ஒரு விரலை வைத்தான், அவ்வளவுதான். "தம்பி இன்னிக்கு உம்முனு வந்தான்மா" என்று டிரைவர் வருத்தப்பட்டார். அம்மாவுக்கு நிம்மதி.

டிரைவரிடமும் அன்பு இருந்தது; கண்ணும் இருந்தது. அவள் ஒன்று கூடுதலாகச் செய்தாள்: தனக்கு வராத ஒரு பயத்தை உண்மை என்று நம்பினாள். எந்த அளவுகோலிலும் முதல் கோடு அந்த நம்பிக்கைதான்.