காலமும் வாக்கும்

ஒன்று தொடங்கிய நாளைக் குறித்து மனிதர்களுக்குள் வழக்கு எழுவது அருமை. அது முடிந்த நாளைக் குறித்தே பெரும்பாலும் வழக்கு எழுகிறது. பிறந்த தேதிக்குப் பதிவு இருக்கும். முடிந்த தேதியையோ ஒவ்வொருவரும் தத்தம் நெஞ்சிலிருந்தன்றோ எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது!

இதற்குச் சான்று தேடிப் பேரரசுகளின் வரலாற்றுக்குள் நாம் புக வேண்டியதில்லை. இளைஞர்கள் கணினியில் ஆடும் ஒரு விளையாட்டின் வரலாறே போதும். விளையாட்டுத்தானே என்று வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. சிறு பொருளுக்குள் பெரு வினா ஒளிந்திருப்பதுண்டு.

இங்கிலாந்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ கௌவர் என்பவர் தம் சகோதரரின் துணையுடன் உருவாக்கிய 'ரூன்ஸ்கேப்' என்னும் இணைய விளையாட்டு 2001ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் தொடங்கியது. பல நாட்டவர் ஒரே வேளையில் புகுந்து உலவும் ஒரு கற்பனை நாடு அது. அங்கே மரம் வெட்டலாம், மீன் பிடிக்கலாம், உலோகம் உருக்கி வாள் அடிக்கலாம், வாங்கலாம், விற்கலாம். ஒரு தொழிலில் முழுத் தேர்ச்சி பெற மாதக்கணக்கில் பொறுமையுடன் உழைக்க வேண்டும். இந்நாட்டின் ஆதி காலம் என்று முடிந்தது என்பதே பழைய ஆட்டக்காரர்களிடையே தீராத வழக்கு.

2004 மார்ச் 29 என்பர் ஒரு சாரார். அன்றுதான் விளையாட்டு உருவமும் போர்முறையும் மாறி, இரண்டாம் வடிவமாக வெளிவந்தது. 2007 நவம்பர் என்பர் மற்றொரு சாரார். அதற்கு முன் விற்பவர் நகரத்து வங்கி வாசலில் நின்று கூவி விற்பார். வாங்குபவர் பேரம் பேசுவார். அம்மாதம் பொதுச் சந்தை ஒன்று ஏற்பட்டு, முகம் காணாமலே சரக்குகள் கைமாறலாயின. 2007 டிசம்பர் 10 என்பர் வேறு சிலர். அன்று, 'வில்டர்னஸ்' என்னும் பாழ்நிலத்தில் ஆட்டக்காரர்கள் விரும்பியபடி ஒருவரையொருவர் தாக்கும் பழைய வழக்கம் நீக்கப்பட்டது. 2008 ஜனவரி 2இல் கொடுக்கல் வாங்கலுக்கும் வரம்பு விதிக்கப்பட்டது. போர்முறை தலைகீழான 2012 நவம்பர் 20தான் முடிவு என்பர் இன்னும் சிலர்.

இவர்களுள் யார் சொல் மெய்? உருவம் மாறியதே முடிவு என்றால் 2004 பொருந்தும். ஆயினும் அந்த முதல் வடிவம் அன்று அழிக்கப்படவில்லை. 2018 ஆகஸ்ட் 6 வரை தனியே திறந்தே இருந்தது. கதவு திறந்திருந்தும் காலம் போய்விட்டது! ஆகவே, பொருள் நீடிப்பது வேறு, அதன் காலம் நீடிப்பது வேறு என்பது தெளிவாகிறது. அப்படியானால் காலம் என்பதுதான் என்ன?

அரபு மொழியில் 'அஹ்து' என்றொரு சொல் உண்டு. அதற்குக் காலம், சகாப்தம் என்று ஒரு பொருள். உடன்படிக்கை, கொடுத்த வாக்கு என்று மற்றொரு பொருள். இவ்விரண்டும் ஒரே சொல்லில் குடியிருப்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு காலம் என்பது மனிதர்களைச் சேர்த்துக் கட்டியிருந்த உடன்பாடே எனலாம். அது எழுதப்பட்டதாயிராது, வாய்விட்டுச் சொல்லப்பட்டதாயும் இராது. அது முறியும்போதுதான் அப்படி ஒன்று இருந்ததே நமக்குத் தெரிய வருகிறது.

இவ்விளக்கைக் கொண்டு பார்த்தால் அந்த நான்கு தேதிகளும் விளங்குகின்றன. முகம் பார்த்துப் பேரம் பேசுவதே இந்நாடு என்று நம்பியவருக்குச் சந்தை வந்த நாளில் வாக்கு முறிந்தது. ஆபத்தைத் தேடிப் பாழ்நிலம் புகுந்தவருக்கு அது அடங்கிய நாளில் முறிந்தது. பல்லாண்டுகள் பழகிய போர்த்திறன் ஒரே நாளில் பயனற்றுப் போனவருக்கு 2012இல் முறிந்தது. தேதியைச் சொல்பவர் தாம் எதை நேசித்தார் என்பதையே சொல்கிறார்.

இளமை போனதற்கு விளையாட்டைக் குறை கூறுகிறார்கள் என்று சிலர் நகைப்பர். அதில் ஓரளவு உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. மாற்றங்கள் மெய்யாகவே நிகழ்ந்தவை. நடத்துவோருக்கும் நியாயம் இருந்தது. விளையாட்டுப் பொன்னை உண்மைப் பணத்துக்கு விற்கும் கள்ள வாணிகத்தை ஒழிக்கவே 2007இன் தடைகள் வந்தன. ஆனால், நியாயமான காரணத்துக்காக முறிக்கப்பட்ட வாக்கும் முறிந்த வாக்குத்தான். 2011இல் ஆட்டக்காரர்களின் வாக்கெடுப்புக்குப் பின், பிப்ரவரி 1ஆம் நாள் பழைய உரிமைகள் மீண்டன. பழைய காலம் மீண்டதாக வழக்கு முடிந்துவிடவில்லை.

பின்னர் நிகழ்ந்ததே நம் சிந்தனைக்கு உரியது. 2013இல் நடந்த வாக்கெடுப்பில் ஏறக்குறைய நாலரை இலட்சம் வாக்குகள் விழ, 2007 ஆகஸ்ட் மாதத்துப் பிரதி ஒன்றைக் கொண்டு, பிப்ரவரி 22ஆம் நாள் பழைய விளையாட்டு மீண்டும் திறக்கப்பட்டது. புதிதாக எதைச் சேர்ப்பதாயினும் வாக்களிப்போரில் நூற்றுக்கு 75 பேர் இசைய வேண்டும் என்ற முறையும் ஏற்பட்டு, 2022 வரை நீடித்தது. விந்தையைக் கேளுங்கள்: ஆதி காலத்தை முடித்ததென்று சிலர் நொந்துகொண்ட அதே பொதுச் சந்தை, அங்கே 2015இல் ஆட்டக்காரர்களின் வாக்கினாலேயே வந்து சேர்ந்தது! கசப்படைந்தோர் அப்போதும் இருந்தனர். ஆயினும், கேளாமல் வந்தபோது முடிவாகத் தோன்றியது, கேட்டு வந்தபோது வளர்ச்சியாகப் பலருக்குத் தோன்றியது. மனிதரைப் புண்படுத்துவது மாற்றத்தைவிட, தம்மைக் கேளாமல் செய்யப்படும் மாற்றமே என்பது இதனால் புலனாகிறது.

இதிலிருந்து இரு கடமைகள் பிறக்கின்றன. பலர் கூடி வாழும் ஒன்றை நடத்துவோர், அது வீடாயினும் கல்விக்கூடமாயினும், மாற்றுமுன் கேட்க வேண்டும். பழகியவரின் உழைப்பு அதில் புதைந்திருக்கிறது. முடிந்தது என்று சொல்வோரும், 'என் காலம் முடிந்தது' என்று சொல்லப் பழக வேண்டும். நாம் வருந்தி வெளியேறும் அதே நாளில், அதே வாசல் வழியே ஒரு சிறுவன் வியப்புடன் உள்ளே வருகிறான். அவனுடைய அஹ்து அன்றுதான் தொடங்குகிறது. அதை மறுக்க நமக்கு உரிமையில்லை.