பொதுச் சுவரின் அறம்

கேட்காதவருக்கு அழகைக் கொடுப்பது அறமா? பசித்தவருக்குச் சோறு போடும்போது இந்தக் கேள்வி எழுவதில்லை, பசியே கேட்டுவிடுகிறது. ஓவியத்தின் நிலை வேறு. 2014இல் தொடங்கப்பட்ட ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை டெல்லி லோதி காலனியின் சுவர்களிலும், 2017இல் மும்பை சசூன் டாக் மீன்பிடித் துறைமுகத்திலும், 2020இல் சென்னை கண்ணகி நகரிலும் சமகாலக் கலைஞர்களுக்கு இடம் தேடித் தந்தது. கலைக்கூடத்தின் படியேறாதவர்களிடம் கலையே போகட்டும் என்ற அதன் நோக்கம் மதிக்கத்தக்கது. ஆனால் கலைக்கூடத்தில் பிடிக்காத படத்தைக் கடந்து போய்விடலாம். வாசலுக்கு எதிரே மாடி உயரத்துக்கு நிற்கும் படத்தோடு ஒவ்வொரு நாளும் வாழ்ந்தாக வேண்டும். அதனால் பொது இடத்துக் கலையைக் கொடையாகப் பார்ப்பதே பிழை என்பேன். அது பொதுச்சொத்தில் எடுத்துக்கொள்ளும் ஒரு பங்கு. கொடுப்பவரின் நல்லெண்ணம் அதற்கு நியாயம் ஆகாது. அங்கே வாழ்பவர்களின் முடிவே நியாயம்.

கண்ணகி நகர் இந்த வாதத்துக்குக் கடினமான சோதனை. சென்னையின் ஆற்றங்கரைகளிலிருந்தும் பிற குடிசைப் பகுதிகளிலிருந்தும் அகற்றப்பட்டவர்களுக்காக ஒக்கியம் துரைப்பாக்கத்தில் எழுந்த அக்குடியிருப்பில் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் உள்ளன. முகவரியைச் சொன்னாலே வேலை கிடைக்காது என்று அங்குள்ள இளைஞர்கள் வருந்திய காலம் உண்டு. ஓவியங்கள் வந்த பின், குற்றச் செய்திகளில் மட்டும் அடிபட்ட அந்தப் பெயர் கலைப் பக்கங்களிலும் இடம்பெற்றது. வெளியூரார் பார்க்க வந்தார்கள். இது சிறிய பயன் அல்ல, அவமானம் ஒரு சுமை என்பதை அறிந்தவர்கள் இதைக் குறைத்துப் பேச மாட்டார்கள். என்றாலும், எங்கே வாழ்வது என்பதில் குரல் இல்லாதிருந்த மக்கள் அவர்கள். அப்படிப்பட்டவர்களின் சுவரில் அவர்கள் குழந்தைகளின் முகத்தையே வரைந்தாலும், முகம் இடம்பெறுவதும் முடிவில் இடம்பெறுவதும் ஒன்றல்ல. முன்னது அன்பினால் வரலாம். பின்னது உரிமையினால்தான் வரும்.

இத்தகைய முயற்சி நாளை பழவேற்காடு ஏரிக்கரைக்கு, சுண்ணாம்புக்குளம் போன்ற ஊர்களுக்கு வரலாம். வருபவர்கள் தூரிகையை எடுக்குமுன் அந்த ஏரியிடம் கற்க ஒன்று இருக்கிறது. ஏரியின் மீனவர் ஊர்கள் சிலவற்றில் பல தலைமுறைகளாகப் பாடு முறை நிலவிவருகிறது. நல்ல மீன்பாடுள்ள நீரிடம் எவருக்கும் நிரந்தரச் சொந்தமில்லை. ஊர் கூடி, சீட்டுப் போட்டு, இன்னாருக்கு இன்ன நாளில் இன்ன இடம் என்று முறை வைக்கிறார்கள். தன் முறை முடிந்தால் வலையை எடுத்துக்கொண்டு அடுத்தவருக்கு வழிவிட வேண்டும். பொதுவில் இருப்பதைப் பயன்படுத்தும் உரிமை மூன்று கட்டுகளுக்கு உட்பட்டது என்று இம்முறை சொல்கிறது: முடிவு ஊருடையது, பயன் முறைப்படி, காலம் எல்லைக்குட்பட்டது. வள்ளுவரும் ஈகைக்கு முன்னே ஒப்புரவறிதலுக்குத் தனி அதிகாரம் வைத்தார். இரப்பவருக்கு இடுவது ஓர் அறம். ஊரோடு ஒத்து, ஊருக்குப் பயன்பட வாழ்வது வேறோர் அறம். பொதுச்சுவர் இரண்டாவதன் ஆட்சிக்குள் வருகிறது.

மறுப்புகள் உண்டு. ஊரைக் கேட்டால் சாமி படமும் தலைவர் படமும்தான் மிஞ்சும், புதிய கலை பிறக்காது என்பார்கள். ஊரிடம் கேட்க வேண்டியது இடத்தையும் காலத்தையும் முறையையும்தான். கலைஞரின் கற்பனைக்கு ஊர் கட்டளையிட வேண்டியதில்லை. ஓர் ஆண்டுக்கு என்று ஒப்புக்கொண்ட சுவரில் துணிந்த பரிசோதனைக்கும் இடம் கிடைக்கும்; என்றென்றைக்கும் என்றால்தான் மக்கள் அஞ்சுவார்கள். கோபுரங்களை எழுப்பிய அரசர்கள் யாரைக் கேட்டார்கள் என்பது இன்னொரு மறுப்பு. கேட்கவில்லைதான். அதன் விலையையும் நாம் அறிவோம்: நெடுந்தொலைவிலிருந்து எல்லாக் கண்களுக்கும் தெரிந்த மதுரை மீனாட்சியம்மன் கோயில் கோபுரத்தின் உள்ளே, சாதியால் தடுக்கப்பட்டவர்கள் உட்பட, எல்லாக் கால்களும் போக 1939 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காட்சியைப் பொதுவாக்கிவிட்டு உரிமையைப் பூட்டி வைக்க முடியும் என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று வேண்டாம். மூன்றாவது மறுப்பே வலுவானது: பாடு முறையே எல்லோருக்கும் திறந்ததல்ல. அது ஆண்களின் உரிமை, குறிப்பிட்ட சாதியின் உரிமை. மீன் விற்கும் பெண்களும், கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர் பழங்குடியினரும் அதற்கு வெளியே நிற்கிறார்கள். ஆகவே ஊர்ப் பெரியவர்கள் தலையசைத்தால் ஊர் சம்மதித்தது என்று கொள்வது இன்னொரு அநீதி. ஆனால் இந்தக் குறை முறைவைப்பைக் கைவிடச் சொல்லவில்லை. முறைக்குள் வருபவர்களைக் கூட்டச் சொல்கிறது.

இதில்தான் வெளியிலிருந்து வரும் கலை அமைப்பு உண்மையான நன்மை செய்ய முடியும். சாயமும் சாரமும் கொண்டுவருவது எளிது. இதுவரை கேட்கப்படாத குரல்களும் உட்காரும் ஒரு கூட்டத்தைக் கூட்டுவது, அங்கே வேண்டாம் என்று சொல்லும் உரிமையை முதலில் எழுதிக் கொடுப்பது, குறித்த காலம் முடிந்ததும் சுவரை அடுத்தவருக்கு விடுவது ஆகியவை கடினமான பணிகள். விளம்பரம் தரும் நிறுவனங்களுக்கு இந்தத் தாமதம் பிடிக்காமல் போகலாம். ஆனாலும், மறுக்க முடிந்த மக்கள் ஏற்றுக்கொண்ட ஓவியமே பொதுக்கலை. மறுக்க வழியில்லாதவர் மேல் விழும் ஓவியம், எவ்வளவு அழகானதாயினும், இன்னொருவருடைய விருப்பம்தான்.