கடன் கணக்கு

செங்கம் போயிருக்கிறீர்களா? திருவண்ணாமலையிலிருந்து பெங்களூரு போகிற வழியில் வருமே, அந்த ஊர்தான். பக்கத்திலேயே ஜவ்வாது மலை.

அந்த வட்டாரத்தில் வயலோரம் இருந்த நடுகல் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். கல்லில் வில்லேந்திய வீரன். தலைக்கு மேலே வட்டெழுத்தில் சில வரிகள். ஒரு பெரியவர் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு அது வேடியப்பன் சாமி.

''என்ன எழுதியிருக்கு பெரியவரே?''

''எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்க. நீங்க படிச்சவரு... நீங்கதான் சொல்லணும்!''

சுருக்கென்றது. இருபது வருஷமாகத் தமிழில் எழுதியே சாப்பிடுகிறவன் நான். கல்லில் இருப்பதும் தமிழ்தான். ஓர் எழுத்துகூடப் புரியவில்லை. அசடு வழிந்தேன்.

நான் பி.காம். படித்தவன். பற்று என்று ஒன்று இருந்தால், வரவு என்று ஒன்று இருந்தே ஆகவேண்டும் என்று சொல்லித் தந்தார்கள். அப்படியானால், எங்கள் இரண்டு பேரில் யார் யாருக்குக் கடன்?

1972-ல் தமிழ்நாடு தொல்லியல் துறை, இரா.நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 'செங்கம் நடுகற்கள்' நூலை வெளியிட்டது. இங்கே எடுத்தனூரில் ஒரு கல். மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. எருமை மந்தைக்காக நடந்த சண்டையில் இறந்த வீரனோடு, திருடர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன். நாய்க்கும் பெயர் பொறித்து மரியாதை செய்த மண், சார் இது!

இதைப் படித்துச் சொன்னவர்கள் அறிஞர்கள். சரி... படிப்பதற்குக் கல் மிஞ்சவேண்டுமே? படிக்கத் தெரியாத எத்தனையோ தலைமுறைகள், ஏரைச் சற்றே ஒதுக்கி ஓட்டியதால்தானே பல கற்கள் மிஞ்சின! வரவு வைத்துக்கொண்டது நாம். திருப்பித் தந்தோமா?

ஒரு காலத்தில் கொஞ்சம் தந்தோம். 1990-களின் அறிவொளி இயக்கம் ஞாபகமிருக்கும். சம்பளம் இல்லாமல் சாயங்காலம் தெருவிளக்கில் பாடம் சொன்னார்கள். புதுக்கோட்டையில் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, எழுத்தோடு சைக்கிளும் சேர்ந்துகொண்டது. ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் பெடல் மிதித்தார்கள். தெருவே பள்ளிக்கூடமானால் வயசு ஒரு தடையில்லை என்று அன்றைக்குத் தெரிந்தது. புழக்கம் விட்டுப்போய், கற்ற எழுத்தை மறந்தவர்களும் உண்டு. கற்பது என்பது ஒருமுறை போட்டு முடிக்கிற தடுப்பூசி இல்லையே.

2022-ல் யுனெஸ்கோவின் 'கற்கும் நகரங்கள்' வரிசையில் வாரங்கல், திருச்சூர், நிலம்பூர் மூன்றும் சேர்ந்தன. சந்தோஷம். ஆனால் செங்கம் மாதிரி ஊருக்குப் பட்டயமா முக்கியம்? மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். ரிட்டையரான வாத்தியார் வட்டெழுத்து சொல்லித் தரட்டும். எந்தக் கல் எங்கே கிடக்கிறது, அதற்கு என்ன கதை என்று பெரியவர் சொல்லித் தரட்டும். இரண்டு பேருமே மாணவர்கள், இரண்டு பேருமே ஆசிரியர்கள்.

''இந்த வயசுல இதைக் கத்துக்கிட்டு என்ன லாபம்?'' என்பீர்கள். அந்தக் கல்லைக் காப்பாற்றி அவருக்கு என்ன லாபம்?

இப்போது வட்டெழுத்து பழகிக்கொண்டிருக்கிறேன். ஏழெட்டு எழுத்துதான் பிடிபட்டிருக்கிறது. அடுத்த முறை அவரிடம் ஒரு வரியாவது படித்துக் காட்டவேண்டும். அது வட்டிக்குத்தான் ஆகும்.

அசல் பெரிசு. நீங்களும் சேர்ந்தால்தான் அடையும்!