அறிவுரையும் வாயிற்படியும்

பொங்கோலில் எம் அண்டை வீட்டு அம்மையார் ஒருவர் தைப்பூசந்தோறும் பால்குடம் எடுப்பவர். ஓராண்டு நோன்பின் இடையே நோயுற்று, வீட்டாரின் வற்புறுத்தலால் கோழிச் சாறு அருந்தினார். அவ்வாண்டு அவர் குடம் எடுக்கவில்லை. சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை நடப்போரிடம், 'நோன்பு பிழைத்ததா?' என்று எவரும் வினவுவதில்லை என்பதை அவர் அறியாதவரல்லர்.

இதற்கு மாறானதொரு வரலாறு மார்மன் சமயத்தாருடையது. 1833ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்துக் கர்ட்லாந்தில், ஜோசப் ஸ்மித் 'ஞான வார்த்தை' என்னும் அறிவுரையை அளித்தார். மதுவும் புகையிலையும் சூடான பானங்களும் ஆகா. புலாலைச் சிறிதே உண்க. தானியங்களைப் போற்றுக என்பன அதன் சாரம். அது கட்டளையன்று என்பதை அதன் முகப்பே தெளிவுபடுத்திற்று. சூடான பானம் என்றது தேநீரையும் காப்பியையுமே என்று பின்னர்ப் பொருள் கொண்டனர். (விருந்தினர்க்கு முதலில் தேநீர் நீட்டும் நம்மவர்க்கு இது வியப்பளிக்கும்.) 1921ஆம் ஆண்டளவில் இவ்வறிவுரை, அவர்தம் ஆலயத்துள் நுழைவதற்குரிய தகுதியாயிற்று.

ஆனால் முழுவதும் அன்று. மது, புகையிலை, தேநீர், காப்பி ஆகியவற்றின் விலக்கே வாயிற்படியாயிற்று; புலாலைக் குறைக்க என்ற பகுதி அறிவுரையாகவே நின்றுவிட்டது. 'குடித்தாயா?' என்று கேட்டுவிடலாம், 'அளவோடு உண்டாயா?' என்று கேட்டால் விடையை அளப்பவர் யார்? காரணம் இதுவே என்பது என் துணிபு. வாயிற்படியால் பயனில்லை என்று கூறேன். அதற்கு அஞ்சிக் குடியை விட்டவனின் மனைவி மக்கள் அவ்வச்சத்தை வாழ்த்தவே செய்வர்.

வள்ளுவரோ புலால் மறுத்தலைத் துறவறவியலிலும், கள்ளுண்ணாமையைப் பொருட்பாலிலும் வைத்தார். உண்ணும் அளவை 'மருந்து' அதிகாரத்தில் உணர்த்தினார். மூன்றையும் அவர் ஒரே தட்டில் இட்டு நிறுக்கவில்லை. 1867இல் வடலூரில் தருமசாலை நிறுவிய வள்ளலார், புலால் உண்ணாமையைத் தம் நெறிக்கு இன்றியமையாததாகக் கொண்டார். எனினும் புலால் உண்பவன் பசித்து வந்தால் அவனுக்கும் சோறிடச் சொன்னார். வாயில் அங்கும் உண்டு. அடுப்பு அதற்கு வெளியே எரிந்தது.

கோயிலார் கேட்டிருப்பின், அவ்வம்மையார் நோயைக் காட்டி விலக்குப் பெற்றிருக்கக் கூடும். கேட்பார் இல்லாமையால் தம்மையே கேட்டுக்கொண்டார். மறு தையில் மீண்டும் குடம் எடுத்தார்.